மூக்கு வைத்த கார்

எனக்கு ரஷ்ய மொழி தெரியும் என்று பொய் சொல்லி ஒரு வேலை வாங்கியிருக்கிறேன். இத்தனை வருடமாக இதை எங்கும் எழுதியதில்லை. ஓய்வு பெற்றவனிடம் பிடுங்குவதற்கு ஒன்றும் இருக்காது என்ற தைரியத்தில் இப்போது எழுதுகிறேன்.

முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூட நாட்களில் எங்கள் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு வேன் வந்து நிற்கும். வழவழப்பான தாளில், தலையணை கனத்தில், ரஷ்ய நாவல்களைத் தமிழில் அச்சடித்து வேர்க்கடலை விலைக்கு விற்பார்கள். அத்தனையையும் படித்தேன். ஒரு சமோவாரில் எத்தனை பேருக்குத் தேநீர் வரும், ஒரு வெர்ஸ்ட் என்பது எவ்வளவு தூரம், பிரபுக்கள் எதற்காகக் காலையிலேயே சண்டை போட்டுச் சாகிறார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. தண்ணீர் வேண்டும் என்று ரஷ்ய மொழியில் கேட்கத் தெரியாது, அவ்வளவுதான்.

சோவியத் நாடு உடைவதற்குச் சற்று முன்பு, பொங்கலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். அதுவரை மற்றவர்களுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். முதன்முதலாக அவர் பெயருக்கே ஒரு ரஷ்ய ஆர்டர் வந்தது. என்னைக் கூப்பிட்டு, "ரஷ்யன் தெரியுமுங்களா தம்பி?" என்று கேட்டார்.

"நிறையப் படிச்சிருக்கேனுங்க" என்றேன். அன்று மத்தியானமே எனக்கு மேஜை போட்டுவிட்டார்கள்.

இன்று நீங்கள் மெர்ச்சண்டைசர் என்று அட்டை அடித்துக்கொண்டு வருகிறீர்கள். அன்று எனக்கு அந்தப் பெயர் கிடையாது. 'எக்ஸ்போர்ட் பாக்குற தம்பி' என்பார்கள். வேலை என்னவோ அதே வேலைதான். வாங்குகிறவருக்கும் தைக்கிறவருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் நிறுவனம் கேட்டதால், நான் செய்த தவறுகளில் மிகவும் பெரியதைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். போட்டி கடுமையாக இருந்தது.

ஆர்டர் இதுதான். சோவியத் நாட்டில், ஒரு பெரிய நதிக்கரையில், சாதாரண ஜனங்களுக்காகச் சின்னக் கார் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் தொழிலாளர்கள் எல்லோருக்கும் விழாவுக்கு ஆளுக்கொரு வெள்ளை டி-ஷர்ட். மார்பில் அவர்கள் செய்து பேர் வாங்கிய காரின் படம் நீல நிறத்தில். மாதிரிக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தார்கள். போட்டோவுக்குக் கீழே நாலு வரி ரஷ்ய மொழியில் இருந்தது. முதலாளி அதை என் முன் வைத்து, "என்னங்க போட்டிருக்கு?" என்றார்.

"காரைப் பத்தித்தானுங்க" என்றேன். அது சரியாகவே இருந்தது என்று பின்னால் தெரிந்தது.

திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் படத்தை வரையக் கொடுத்தோம். ஆர்ட்டிஸ்ட் மதுரைக்காரர். கட்சிப் பேனர்களில் தலைவர்களுக்கு முடி வளர்த்துவிட்டுப் பழகிய கை. போட்டோவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"என்னண்ணே, இது மூஞ்சியே இல்லாத காரா இருக்கு. முன்னாடி மொழுக்குனு இருக்கே, கிரில்லக் காணோம்."

கிரில் என்றால் காரின் முன்பக்கத்தில் பல்வரிசை மாதிரி இருக்குமே, அது. அதன் வழியாகக் காற்று போய் இன்ஜினைக் குளிர வைக்கும். இந்தக் காருக்கு முன்பக்கம் வெறும் தகரமாக இருந்தது. போதாததற்குப் பின்சக்கரத்துக்கு மேலே இரண்டு பக்கமும் காது போலப் புடைத்துக்கொண்டிருந்தது.

"இந்தக் காது வேற. எங்கேயோ இடிச்சு வாங்குன மாதிரி" என்றார் அவர்.

நான் யோசித்தேன். யோசித்தேன் என்பது மரியாதைக்கு. உண்மையில் ஒரு நாவலில் படித்தது நினைவுக்கு வந்தது, பனிக்காலத்தில் அங்கே எல்லாவற்றையும் துணி போட்டு மூடிவைப்பார்கள் என்று. "குளிருக்கு முன்னாடி மூடி வெச்சிருப்பாங்க. நீங்க நல்லதா ஒரு கிரில் போட்டு, அந்தக் காதை எடுத்து விட்டுருங்க. விழாவுக்குப் போடற சட்டை, லட்சணமா இருக்கட்டும்" என்றேன்.

மிக லட்சணமாக வந்தது. சாம்பிள் தைத்து அனுப்பினோம். மூன்று வாரத்தில் அரக்கு முத்திரையும் கையெழுத்துமாக 'சம்மதம்' என்று திரும்பி வந்தது. நம் தொழிலில் முத்திரை வைத்த சாம்பிளுக்கு மேல் சாட்சி கிடையாது. அதைப் போலவே எல்லாம் இருந்தால் போதும். மொத்தமும் அடித்தோம், தைத்தோம். கப்பலேறும் முன்பு அவர்கள் ஆள் வந்து சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் இன்ஸ்பெக்‌ஷன்.

செக்கிங் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். பெயரை எழுதினால், எதற்கு வம்பு என்பார், அதனால் எழுதவில்லை. பெருமாநல்லூர்ப் பக்கம் ஊர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், மற்ற ஆறு நாள் செக்கிங் மேஜை. தைத்து வரும் ஒவ்வொரு துணியையும் சாம்பிளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வேலை. அவர் சாம்பிளோடு நிறுத்தவில்லை, சுவரில் ஒட்டியிருந்த போட்டோவையும் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, போட்டோவுல இந்தக் கம்பி இல்லீங்களே."

"காருன்னா மூக்கு வேண்டாமாங்க்கா?"

"எனக்குக் கார் தெரியாதுங்க. போட்டோவுல இல்லைங்கிறது தெரியுதுங்க."

"ரஷ்யாவுல பனி விழுமுங்க்கா. மூடியிருக்காங்க."

"சரிங்க" என்று அடுத்த துணியை எடுத்துக்கொண்டார். அந்த 'சரிங்க'வில் சம்மதம் இல்லை என்பது கொங்கு நாட்டில் பிறந்த எனக்குப் புரியாமலில்லை. ஆனால் நான் அப்போது ரஷ்யாவில் இருந்தேன்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு இரண்டு நாள் முன்பு முதலாளியின் வண்டியை அவிநாசி சாலையில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டிருந்தோம். அங்கே மலைத் தோட்டக்காரர் ஒருவருடைய பழைய வெளிநாட்டுக் கார் நின்றது. மெக்கானிக் அதன் பின்பக்கத்தைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்தார். டிக்கியில் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"டிக்கி இல்லீங்க, இன்ஜினுங்க. இந்த வண்டிக்குப் பொறத்தால."

சட்டைப்பையில் இருந்த போட்டோவின் நகலை எடுத்துக் காட்டினேன். அவர் கையைத் துடைத்துவிட்டு ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இதுவும் அதே சாதிதானுங்க. இன்ஜின் பின்னாடி. இந்த ரெண்டு காதும் காத்து இழுக்கறதுக்கு. முன்னாடி எதுக்குங்க கிரில்லு, அங்க ஸ்டெப்னி டயரில்ல இருக்கும்."

கிரில் வைத்து, காதை அறுத்து, தொழிற்சாலைத் தொழிலாளர்கள் அத்தனை பேருக்கும் பெட்டி கட்டி வைத்திருந்தேன். வாழ்நாள் முழுக்க அந்தக் காரின் பாகங்களையே பூட்டிக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்கு வேறு ஏதோ ஒரு காரைப் போட்டுக் கொடுத்தால் எப்படி இருக்கும்? நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் பக்கத்து வீட்டு மாப்பிள்ளையின் படத்தை அச்சடித்த மாதிரி.

பஸ்ஸில் திரும்பும்போது நாட்களை எண்ணினேன். தூத்துக்குடியில் கப்பல் அடுத்த வாரம். அதற்குள் திரும்ப அடிக்கத் துணியும் இல்லை, நாளும் இல்லை. இந்த ஆர்டர் போனால் முதலாளி மறுபடி அடுத்தவனுக்குத் தைத்துக் கொடுக்கப் போவார். நான் எங்கே போவேன் என்று எந்த நாவலிலும் எழுதியிருக்கவில்லை.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் தேவலை. துண்டை எடுத்து நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். "செரி, சொல்லுங்க" என்றார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டிருந்தேன்.

அவருடைய மைத்துனர்தான் பேசினார். அரைவை மில்லில் கணக்குப் பார்த்த மனிதர், நிதானம் அதிகம். "ஏன் மாமா இப்படி மலைச்சுப் போய் உக்காந்துட்டீங்க? சாம்பிள் அனுப்பிச்சோம். பாத்தாங்க. சீல் வெச்சு, கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டாங்க. அதேமாரி அடிச்சிருக்கறோம். இதுல நம்ம தப்பு எங்கீங்க வந்துச்சு?"

எனக்கு உயிர் திரும்பி வந்தது. உண்மைதானே. முத்திரை வைத்த சாம்பிள். சட்டப்படி, தொழில்படி, எப்படிப் பார்த்தாலும் நாங்கள் பத்திரம். அந்த மைத்துனரை அப்போதே கட்டிப்பிடித்திருப்பேன். அன்று மாலை முதல் முறையாக நிம்மதியாக ஒரு டீ குடித்தேன். செக்கிங் அக்கா கிளம்பிக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்னது சரிதான், ஆனால் கவலையில்லை, முத்திரை இருக்கிறது என்று அவரிடமும் சொன்னேன்.

அவர் டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "கையெழுத்துப் போட்டது யாருங்க?" என்றார்.

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றாங்களே, அந்தம்மாதானுங்க்கா."

"அப்ப நாளைக்குக் கேள்வி வந்தா அவுங்க பாடுங்க" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

டீயின் ருசி போய்விட்டது.

அந்த அம்மாளின் பெயர் கலீனா பெத்ரோவ்னா. ஐம்பதை ஒட்டிய வயது, கட்டையான உருவம், கழுத்தில் ஒரு டேப். ரஷ்யர்களைத் தகப்பன் பெயரோடு சேர்த்து அழைப்பதுதான் மரியாதை என்று நாவல்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தன. கடிதத்திலிருந்து கண்டுபிடித்து, வாசலிலேயே, "வாருங்கள் கலீனா பெத்ரோவ்னா" என்று பாதி ஆங்கிலத்தில் அழைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. உடனே ரஷ்ய மொழியில் மூன்று நிமிடம் பேசினார். நான் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தலையாட்டினேன். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். கேள்வியாக இருந்திருக்க வேண்டும். நான் மறுபடி தலையாட்டினேன். அவர் நிறுத்தி நிதானமான ஆங்கிலத்தில், "நான் கழிப்பறை எங்கே என்று கேட்டேன்" என்றார்.

முதலாளி கூரையைப் பார்த்தார். எனக்கு மொழி தெரியாது என்பது அன்று அவருக்கும் தெரிந்தது. அதைப் பற்றிக் கோபப்பட அவருக்கு அன்று நேரம் இல்லை.

இன்ஸ்பெக்‌ஷன் தொடங்கியது. பெட்டிகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திறக்கச் சொன்னார். முதல் டி-ஷர்ட்டைக் கையில் எடுத்தார். அவர் ஒரே உதறலில் அதை உள்பக்கமாகத் திருப்பினார். தையலை இழுத்துப் பார்த்தார். நூல் பிசிறைப் பார்த்தார். தோளை அளந்தார். நீளத்தை அளந்தார். அப்படியே அக்காவிடம் தள்ளினார். அடுத்தது. எடுத்தார், உதறினார், திருப்பினார்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. கைதேர்ந்த இன்ஸ்பெக்டர் துணியை உள்பக்கம்தான் பார்ப்பார். குற்றமெல்லாம் அங்கேதான் இருக்கும். சாம்பிளையும் இப்படித்தான் பார்த்திருக்கிறார். முன்பக்கத்துப் படத்தை அவர் பார்க்கவே இல்லை. இப்போதும் பார்க்கப் போவதில்லை.

காலை முழுக்க இது நடந்தது. ஒவ்வொரு டி-ஷர்ட்டும் பெட்டியிலிருந்து மேஜைக்கு வரும் அந்த ஒரு நொடிதான். அதில் அவர் கண் படத்தின் மேல் பட்டால் முடிந்தது. பட்டதா, படவில்லை. உதறல், திருப்பல். முதலாளி ஒவ்வொரு உதறலுக்கும் கண்ணை மூடித் திறந்தார். மைத்துனர் மட்டும் மலர்ச்சியாக இருந்தார். பதினோரு மணி சுமாருக்கு என் காதில், "இன்னும் ரெண்டு பெட்டிங்க தம்பி. மூச்சு விடாதீங்க" என்றார்.

மூச்சு விடவில்லை. சொல்லவும் இல்லை. அதுதான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போவார். விழா நடக்கும். டி-ஷர்ட்டைப் பிரித்த மறு நிமிடம் யார் சம்மதித்தது என்று ஒரு கேள்வி வரும். இரண்டு இடத்தில் அவர் கையெழுத்து இருக்கும், ஓரிடத்திலும் என் பெயர் இருக்காது. இதெல்லாம் தெரிந்தே நின்றேன். தெரியாமல் தவறு செய்கிறவனைவிட நான் ஒரு படி மேலே இருந்தேன்.

அப்போது அக்கா ஒரு காரியம் செய்தார். பார்த்து முடித்த துணிகளை மறுபடி நேர்பக்கமாக்கி மடிப்பது அவர் வேலை. அதுவரை படம் உள்ளே போகும்படி மடித்துக்கொண்டிருந்தவர், ஒன்றை மட்டும் படம் மேலே தெரியும்படி மடித்து, அந்த அம்மாளின் டேப்புக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். நூல் பிசிறு இருக்கிறதா என்று துணியைப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

"கலீனா பெத்ரோவ்னா, இந்தக் காரைக் கொஞ்சம் பாருங்கள்" என்றேன்.

அவர் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு முத்திரை வைத்த சாம்பிளைக் கேட்டு வாங்கி, அதை நேர்பக்கமாகத் திருப்பினார். அரக்குக்குப் பக்கத்தில் இருந்த தன் கையெழுத்தை விரலால் தொட்டார்.

"இது யார் போட்டது?" என்று கிரில்லைக் காட்டிக் கேட்டார்.

"நான். கார் என்றால் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்."

"இது யார் போட்டது?" என்று கையெழுத்தைக் காட்டித் தன்னையே கேட்டுக்கொண்டார். அப்படியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். மைத்துனர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அக்கா அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். கலீனா பெத்ரோவ்னா அதைப் பாதி குடித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். அந்தத் தொழிற்சாலை முதலில் அறுவடை இயந்திரம் செய்த இடம். சாதாரண ஆளுக்கும் ஒரு கார் வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தபோது அதைக் கார் தொழிற்சாலை ஆக்கினார்கள். முதலில் வந்தது கூன் முதுகோடு ஒரு கார். அடுத்தது இந்தக் காது வைத்தது. நாடு முழுக்க அதைக் கேலி செய்து சிரிப்பார்கள், அதே ஜனங்கள் அதை வாங்க வருடக்கணக்கில் வரிசையில் நிற்பார்கள். போரில் கால் இழந்தவர்களுக்கு, கையாலேயே ஓட்டும்படி மாற்றிக் கொடுத்தார்கள். அவருடைய அப்பாவுக்கும் ஒன்று கிடைத்தது. குளிர்காலத்தில் உறைந்த நதியின் மேலேயே அதை ஓட்டிப் போவார். தரைத் தகட்டில் இருக்கும் மூடியைக் கழற்றிவிட்டு, பனியில் துளை போட்டு, காருக்குள் உட்கார்ந்தபடியே மீன் பிடிப்பார்.

"அந்தக் காருக்குள்தான் நான் வளர்ந்தேன். நான் இதில் தையலைப் பார்த்தேன்" என்றார்.

பிறகு கணக்காகச் சொன்னார். இதை நிராகரித்தால், முன்பு ஏன் சம்மதித்தாய் என்பார்கள். அனுப்பினால், விழாவில் எல்லோரும் சிரிப்பார்கள், சிரித்து முடித்ததும் அதையே கேட்பார்கள். அவருக்கு ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது. ஒரு மகள் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் மொழிபெயர்த்தேன். ஆங்கிலத்திலிருந்து.

முதலாளி அதுவரை டி-ஷர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "காதை வேணும்னா சேத்து அடிச்சுரலாம். இந்தக் கிரில்லு மறையோணும், அவ்வளவுதானுங்களே?"

"ஆமாங்க."

"ஆயுத பூசைக்கு நாம வண்டிக்கு என்ன போடுவோம்?"

"மாலைங்க."

"போட்டுருங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். முன்பக்கத்தில், ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கு வரை தொங்குகிற மாதிரி, கெட்டியான மஞ்சள் மையில் ஒரு செவ்வந்தி மாலை. கிரில் இருந்த இடமே தெரியாது. அதோடு பின்பக்கத்தில் நீலத்தில் இரண்டு இழுப்பு, காது வந்துவிடும்.

கலீனா பெத்ரோவ்னாவிடம் விளக்கினேன். எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒரு நாள் எல்லா இயந்திரத்துக்கும் மாலை போட்டுக் கும்பிடுவோம், தையல் மெஷின், பஸ், கத்தரிக்கோல் உட்பட.

"எதற்கு?"

"மரியாதைக்கு."

"ஓடாத இயந்திரத்துக்கும் போடுவீர்களா?"

முதலாளியிடம் கேட்டேன். "அதுக்குக் கொஞ்சம் பெரிய மாலையாப் போடுவோமுன்னு சொல்லுங்க" என்றார்.

அந்த அம்மாள் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு, இந்தியத் தொழிலாளர்கள் அந்தத் தொழிற்சாலைக்குத் தங்கள் வழக்கப்படி வாழ்த்து அனுப்புகிறார்கள் என்று ஒரு கடிதம் வேண்டும், எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவருடைய கையெழுத்துக்குத் துணைக்கு. முதலாளி போட்டார், அக்கா போட்டார், நானும் போட்டேன். மைத்துனரைத் தேடிப் பிடித்துப் போட வைத்தோம்.

அடுத்த நான்கு நாள் நடந்ததை விவரமாக எழுதினால் இந்தக் கதை முடியாது. தைத்து முடித்த சட்டையில் மேலே அடிப்பது கொடுமை. ஒவ்வொன்றையும் பலகையில் இழுத்துப் போட்டு, அளவு வைத்து, அடிக்க வேண்டும். அரை விரல் நகர்ந்தால் மாலை கண்ணாடியில் ஏறிவிடும். மதுரை ஆர்ட்டிஸ்ட், "சாமிக்கு மாலை சாத்துற மாதிரில்ல ஆகிப்போச்சு, நேரா இருக்காண்ணே?" என்று ஒவ்வொரு சட்டைக்கும் கேட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கலீனா பெத்ரோவ்னாவும் தினம் கோயம்புத்தூரிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தார். அந்த நான்கு நாளும் அவர் ஒரு சட்டையைக்கூட உள்பக்கம் திருப்பவில்லை. கடைசி நாள் கையெழுத்துப் போட்டார். பெட்டிகள் கப்பலைப் பிடித்தன. புறப்படும்போது அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்து ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னார். அக்கா தமிழில் பதில் சொன்னார். நடுவில் என்னை யாரும் கூப்பிடவில்லை.

அதன்பின் ஒரு தகவலும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் அந்த நாடே இல்லாமல் போனது. எழுதிய கடிதங்கள் பதிலில்லாமல் நின்றன. செய்தித்தாளில் அந்த ஊர்ப் பெயரைத் தேடுவேன். விழாவில் சிரித்தார்களா, மாலைக்குக் கீழே கிரில்லைக் கண்டுபிடித்தார்களா, அந்த அம்மாளை என்ன செய்தார்கள் என்று தெரியாமல், நல்ல நாட்களில்கூடத் திடீரென்று அந்தச் சட்டைதான் கண் முன் நிற்கும். வேறு ஆர்டர்கள் வந்தன, முதலாளி இரண்டாவது யூனிட் கட்டினார். எனக்குள் மட்டும் அந்தப் பெட்டிகள் இன்னும் கப்பலிலேயே இருந்தன.

சில வருடங்கள் கழித்து, பெரிய பெரிய பைகளோடு அந்தப் பக்கத்து மனிதர்கள் திருப்பூர் வரை வர ஆரம்பித்தார்கள். தாங்களே சுமந்து போய்ச் சந்தையில் விற்பதற்காக டி-ஷர்ட் வாங்குபவர்கள். அப்படி ஒருவர் எங்கள் ஆபீஸுக்கு வந்தார். டெல்லியில் கற்ற ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினார். முன்பு என்ன வேலை என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அந்தத் தொழிற்சாலையில் இன்ஜினியர் என்றார். இப்போது அங்கே கார் செய்யும் லைன் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம், சம்பளம் வருவது அபூர்வம்.

மாலை போட்ட கார் படத்தோடு ஒரு டி-ஷர்ட் வந்ததா என்று கேட்டேன்.

"வந்தது. ஆளுக்கு ஒன்று."

"சிரித்தார்களா?"

"யாருக்கு நேரம் இருந்தது? அந்த மாதம் சர்க்கரைக்கே வரிசையில் நின்றோம். விழாவும் நடக்கவில்லை. சட்டையைக் கொடுத்தார்கள், வீட்டுக்கு எடுத்துப் போனோம்."

கலீனா பெத்ரோவ்னாவைத் தெரியுமா என்றேன். தெரியும். சந்தையில் தன் மனைவியின் கடையிலிருந்து நாலாவது கடை அவருடையது என்றார். பனியன்தான் விற்கிறார். சட்டையைப் பற்றி அவரை யாராவது விசாரித்தார்களா என்று கேட்டேன். இன்ஜினியர் தோளைக் குலுக்கினார். விசாரிக்க வேண்டிய அலுவலகத்தையே அதற்குள் மூடிவிட்டார்களாம்.

எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. அந்த ஆறுதலில் முழுக் கதையையும் அவரிடம் சொன்னேன். கிரில், காது, முத்திரை, உள்பக்கம் திருப்பியது, கடைசிப் பெட்டிக்கு முன்னால் நான் வாய் திறந்தது, மாலை. அக்கா மடித்து வைத்ததைக் கொஞ்சம் சுருக்கி, நான் வாய் திறந்ததைக் கொஞ்சம் நீட்டினேன். அக்கா அடுத்த மேஜையில் துணி பார்த்துக்கொண்டிருந்தார், ஆங்கிலம் தெரியாது.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அந்தப் பூவை என் மகளுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார்.

"உங்கள் சட்டையை மகளா போட்டுக்கொண்டாள்?"

"ஒரு தடவை துவைத்தோம். அதற்குப் பிறகு அவளுக்குத்தான் சரியாக இருந்தது. அப்போது அவளுக்கு எட்டு வயது. தொழிற்சாலையில் எல்லோர் வீட்டிலும் அப்படித்தான்."

இன்ஸ்பெக்‌ஷன் நாளில் மத்தியானம் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. பெட்டிக்கு ஒரு சட்டையை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளப்பது. அந்த மத்தியானம் நாங்கள் எல்லோரும் மாலை கட்டிக்கொண்டிருந்தோம். அடுத்த நாலு நாளும் அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றோம். பயந்த இடத்தை மட்டும் அத்தனை பேரும் சேர்ந்து பார்த்திருக்கிறோம். இதிலிருந்து என்ன புத்தி கற்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், அவர் என் மேஜை மேல் கிடந்த சாம்பிள்களில் ஒன்றை எடுத்து, பக்கவாட்டில் இழுத்து விட்டுப் பார்த்தார்.

"நல்ல கதை. ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றார்.